தோங்காட் அலி வேரும் லேகிய டப்பாவும்



வீட்டில் பெரியவர்களும் பேசத் தயங்குகிற ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணவன் மனைவிக்கிடையே இருக்க வேண்டிய இல்லற நாட்டம் சிலருக்குக் குறைந்து போகிறது. அதற்காக வேர், லேகியம், பொடி, காப்பி, மாத்திரை என்று பலவற்றை வாங்கிச் சாப்பிடுகிறோம். அவற்றின் வரலாறுதான் இன்றைய பேச்சு. பிள்ளைகள் கூடத்தில் இருக்கிறார்களே என்று வானொலியை அணைக்க வேண்டியதில்லை. கூசத்தக்க சொல் ஒன்றும் இதில் வராது.

வைத்தியப் பேச்சாக இல்லாமல் வரலாற்றுப் பேச்சாக இதை அமைத்ததற்குக் காரணம் உண்டு. பசார் மாலாமில் இத்தகைய சரக்கை விற்கிறவர் பெரும்பாலும் வரலாற்றைச் சொல்லித்தான் விற்கிறார். "முன்னோர் கண்ட மருந்து", "அரசர்கள் உண்ட இரகசியம்" என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறார். முன்னோர் உண்மையில் என்ன கண்டார்கள், எந்த நோய்க்கு எதைக் கொடுத்தார்கள் என்று நாம் தெரிந்துகொண்டால் அந்த முழக்கத்தை எடைபோட முடியும். நம் பணமும் தப்பும். சில வேளைகளில் உயிரும் தப்பும்.

முதலில் நம் பழைய நூல்களைப் பார்ப்போம். ஆயுர்வேதத்தில் எட்டுப் பிரிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு வாஜீகரணம் என்று பெயர். வாஜி என்றால் குதிரை. குதிரையின் உரத்தை உடம்புக்குத் தரும் முறை என்பது கருத்து. சரக சம்ஹிதை என்னும் நூலில் இதற்கெனத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அதைப் புரட்டினால் பாதி இடம் சமையற்கட்டைப் போலவே தோன்றும். பால், நெய், உளுந்து, அரிசி, தேன், சர்க்கரை, முட்டை, இறைச்சி என்று சத்துள்ள உணவுகளே வரிசையாக வருகின்றன. அதோடு, மனத்துக்கு இசைந்த மனைவியே இதற்கு முதன்மையான மருந்து என்றும் அந்நூல் சொல்லுகிறது. வயிறு நிறைய வேண்டும், மனம் ஒன்ற வேண்டும், பிறகுதான் மூலிகை என்பது அக்கால வைத்தியர்கள் கண்ட ஒழுங்கு.

நம் சித்த வைத்தியர்களும் இதே ஒழுங்கில்தான் சென்றார்கள். அமுக்கராக் கிழங்கு, பூனைக்காலி விதை, நிலப்பனைக் கிழங்கு, நெருஞ்சில், சாதிக்காய் போன்றவற்றை இடித்துச் சலித்து, பனங்கற்கண்டுப் பாகில் கிளறி, நெய்யும் தேனும் சேர்த்து இறக்கியதுதான் லேகியம். அதைக் கொடுக்கு முன் வைத்தியர் நாடி பார்ப்பார். மலச்சிக்கல் உண்டா, தூக்கம் வருகிறதா, கள் குடிப்பதுண்டா என்று கேட்பார். பத்தியம் சொல்வார். ஒரு மண்டலம் கழித்து மீண்டும் வரச் சொல்வார். லேகியம் அந்த வைத்தியத்தில் ஒரு பங்கு மட்டுமே.

இந்த மூலிகைகளில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. பூனைக்காலி விதையை எடுத்துக்கொள்வோம். 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அந்த விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1960-களில் அதே பொருள், கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு உலகமெங்கும் மருந்தாயிற்று. மூளையில் சென்று வேலை செய்யும் ஒரு பொருள் நம் கொல்லைப்புறக் கொடியின் விதையில் இருந்திருக்கிறது. இதிலிருந்து இரண்டு பாடங்களைப் படிக்கலாம். மூலிகைக்கு வலிமை உண்டு என்பது ஒன்று. வலிமை உள்ளது எதுவும் அளவு மீறினால் கெடுதல் செய்யும் என்பது மற்றொன்று. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சு இரண்டு பாடங்களையும் மறந்த பேச்சு.

இனி மலாயாவுக்கு வருவோம். ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகள் திரட்டிய ஆட்களாகவும் நம் மக்கள் கப்பலேறி வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்த்து அனுப்புவதை 1938-ல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. வந்தவர்களோடு லேகியமும் வந்தது. ஆனால் நாடி பார்த்துப் பத்தியம் சொல்லும் வைத்தியர் பெரும்பாலும் ஊரிலேயே நின்றுவிட்டார். ஆகவே தோட்டத்தில் லேகியம் என்பது வைத்தியத்தின் ஒரு பங்காக இல்லாமல், டப்பாவில் அடைத்த சரக்காக மாறியது. ஆளைப் பார்க்காமலே மருந்து விற்கும் வழக்கம் இப்படித்தான் நம்மிடையே வேரூன்றியது.

அந்நாளில் தோட்டத்து ஆண்களும் பெண்களும் "உடம்பில் பலமில்லை" என்று சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தப் பலவீனத்துக்குக் காரணம் என்ன? 1901-ல் கிள்ளான் வட்டாரத்துக்கு டாக்டர் மால்கம் வாட்சன் வந்தபோது மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டிருந்தது. அவர் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடியச் செய்தார். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. பிறகு அதே வேலை தோட்டங்களுக்கும் பரவியது. 1915 முதல் 1917 வரை டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு பிஜி, ஜாவா, மலாயா ஆகிய நாடுகளில் கொக்கிப் புழுவை ஆராய்ந்தது. செருப்பில்லாத காலின் தோல் வழியே உள்ளே நுழையும் இந்தப் புழு, குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். மலேரியாவும் சேர்ந்துகொண்டால் சோகை முற்றிவிடும். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, படுத்தால் எழுந்திருக்க மனமில்லாத ஒருவருக்கு இல்லற நாட்டம் எங்கிருந்து வரும்?

அதற்கு மருந்து லேகிய டப்பாவில் இல்லை. கொய்னா மருந்திலும், புழு மருந்திலும், ஒழுங்கான கக்கூசிலும், வாய்க்காலிலும் இருந்தது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு உரத்தை மீட்டுத் தந்தவற்றுள் வாய்க்கால் வெட்டிய மண்வெட்டிக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு காரணங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று லயத்து வீடு. ஓர் அறையில் ஒரு குடும்பம், பல இடங்களில் கூரையைத் தொடாத தடுப்புப் பலகை, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டிய கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசக்கூட அங்கே இடமில்லை. மற்றொன்று கள்ளுக்கடையும் சம்சுவும். குடித்தால் வீரம் வரும் என்று நினைத்தவர் பலர். தொடர்ந்து குடிக்கும் குடி நரம்பைத் தளர்த்தும், ஈரலைக் கெடுக்கும், ஆண் சுரப்புநீரைக் குறைக்கும் என்பதை மருத்துவம் பின்னர் தெளிவாகக் காட்டியது. சம்பள நாளில் கள்ளுக்கடையில் இழந்ததை மறுநாள் லேகியக்காரரிடம் வாங்க முயன்றவர்கள் இரண்டு இடத்திலும் காசை விட்டார்கள்.

நம் மக்கள் டப்பாவை நம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், தோட்டத்து எல்லைக்கு அப்பால் இருந்த காட்டில் மலாய் மக்களும் ஓராங் அஸ்லி மக்களும் ஒரு கசப்பு வேரைத் தோண்டிப் பயன்படுத்தி வந்தார்கள். அதுதான் தோங்காட் அலி. தோங்காட் என்றால் ஊன்றுகோல். அலி என்பது ஆள் பெயர். தமிழில் முன்பு வழங்கிய சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காட்டு மரங்களின் நிழலில், கிளை அதிகம் விடாமல் ஒல்லியாக உயர்ந்து, உச்சியில் குடைபோல இலை விரிக்கும் சிறு மரம் இது. வேர் நேராக ஆழத்துக்கு இறங்கும். அந்த வேரே மருந்து. வேரைத் தோண்டினால் மரம் போயிற்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இம்மரத்துக்கு யூரிகோமா லோங்கிபோலியா என்ற தாவரப் பெயரைச் சூட்டியவர் வில்லியம் ஜாக் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர். இராபிள்ஸ் துரையின் நட்பைப் பெற்றுப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சுமத்திராவிலும் செடிகொடிகளைத் தேடி அலைந்தவர் அவர். 1822-ல் இந்தப் பெயரை வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், 27 வயதிலேயே, காய்ச்சல் கண்டு பெங்கூலனுக்கு அருகே காலமானார். பின்னர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1912 முதல் 1925 வரை இருந்த பர்கில் என்பவர், மலாய்த் தீபகற்பத்தின் பயன்தரு பொருள்களைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகளை 1935-ல் வெளியிட்டார். இப்படிப்பட்டவர்களின் உழைப்பால் கம்போங் வைத்தியம் ஓரளவு எழுத்தில் ஏறியது.

கம்போங் வழக்கில் இந்த வேர் எதற்குக் கொடுக்கப்பட்டது? காய்ச்சலுக்கு, வயிற்று வலிக்கு, தலைவலிக்கு, புண்ணுக்குப் பற்றாக, பிரசவித்த தாய்க்கு உரம் தரும் கசாயமாக என்று பட்டியல் நீளுகிறது. ஆண்மைக்கு என்பதும் அதில் உண்டு. ஆனால் பல பயன்களில் ஒன்றாகத்தான் அது இருந்தது. இம்மரத்தின் பெயர்களே இதற்குச் சாட்சி. மலாயில் இதற்கு இன்னொரு பெயர் பெனாவார் பாஹிட், அதாவது கசப்பு முறிமருந்து. இந்தோனேசியாவில் பாசாக் பூமி, அதாவது பூமியின் முளை. வியட்நாமில் இதை நூறு நோய் மரம் என்ற பொருளில் அழைக்கிறார்கள். காய்ச்சலுக்குக் கொடுத்ததிலும் காரணம் இருந்தது. இந்த வேரின் கசப்புப் பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் மலேரியாக் கிருமியை எதிர்ப்பதாக 1986-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கம்போங் மக்கள் இதைக் காய்ச்சல் வேராக மதித்ததும் நம் தோட்டங்கள் காய்ச்சலில் வாடியதும் ஒரே காலத்தில் நடந்தவை.

பெண்களுக்கென்றும் ஒரு மூலிகை பேசப்படுகிறது. காச்சிப் ஃபாத்திமா என்பது அதன் பெயர். காட்டுத் தரையோடு வளரும் சிறு செடி. மலாய் மருத்துவச்சிகள் அதைப் பிள்ளைப்பேறு எளிதாகவும், பெற்றபின் உடம்பு தேறவும் கொடுத்தார்கள். நாம் பிரசவ லேகியமும் பூண்டும் பால்சுறாவும் கொடுப்பதைப் போன்றதுதான். கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது. பிரசவ மருந்தாக இருந்த அதையே இன்று "பெண்களின் தோங்காட் அலி" என்று விளம்பரப்படுத்துகிறார்கள். மருந்து ஒன்றாகவே இருக்க, அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டும் மாறியிருக்கிறது.

"நம்மவர்கள்தாம் இப்படி ஏமாறுகிறார்கள், வெள்ளைக்காரர் அறிவியல்படி நடப்பவர்கள்" என்றும் எண்ண வேண்டாம். 1889-ல் பாரிஸ் நகரில் பிரவுன் செக்கார் என்னும் பெரிய விஞ்ஞானி, தமது 72-ஆம் வயதில், நாய் மற்றும் கினிப் பன்றியின் விதையிலிருந்து எடுத்த சாற்றைத் தம் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சாற்றுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. அப்படித் தயாரித்த நீரில் ஆண் சுரப்புநீர் ஏறக்குறைய இருக்கவே இருக்காது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. உண்மையான ஆண் சுரப்புநீராகிய டெஸ்டோஸ்டிரோனை 1935-ல்தான் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு அதை ஆய்வுக்கூடத்தில் செய்தும் காட்டினார்கள்.

அப்படியானால் அந்த விஞ்ஞானிக்கு இளமை திரும்பியதாகத் தோன்றியது எப்படி? நம்பிக்கையே அதற்குக் காரணம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையால் காட்டியது. ஒரு சாராருக்கு வயாகரா என்னும் மாத்திரையும், மற்றொரு சாராருக்கு அதே தோற்றமுள்ள மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் முயற்சிகளில் நூற்றுக்கு 69 வெற்றி பெற்றன. மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் நூற்றுக்கு 22 வெற்றி பெற்றன. ஆகவே "எனக்குக் குணம் தெரிந்தது" என்று ஒருவர் சத்தியம் செய்தாலும், அந்த டப்பாவில் மருந்து இருந்தது என்பதற்கு அது போதிய சாட்சியாகாது.

அந்த 1998-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். மார்வலிக்காக ஆராயப்பட்ட ஒரு பொருள், வேறொரு பயன் தெரியவந்து, அவ்வாண்டு மார்ச்சில் வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது இரத்தக் குழாயைத் தளர்த்தி இரத்தம் பாயச் செய்வது. மனத்தில் நாட்டத்தை உண்டாக்குவதன்று. நாட்டம் வேறு, உடம்பின் இயக்கம் வேறு என்பதை நாம் பிரித்து அறிய வேண்டும். மார்வலிக்கு நைட்ரேட் வகை மருந்து சாப்பிடுகிறவர் இதையும் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சடுதியில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது.

அதே காலத்தில் நம் நாட்டில் தோங்காட் அலிக்கும் யோகம் அடித்தது. காப்பி, தேநீர், குளிகை, சர்பத்து என்று அது கடைகளில் நிறைந்தது. ஆய்வுகளும் நடந்தன. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆண் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் தோங்காட் அலி வேர்ச் சாற்றுக்கு மலேசியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 30 முதல் 55 வயது வரையுள்ள 109 ஆண்கள் பங்கேற்றார்கள். வேர்ச் சாற்றை நாளுக்கு 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் சாப்பிட்டவர்களிடம் நாட்டமும் உடல் நலமும் ஓரளவு கூடியதாக அறிக்கை சொல்லிற்று. இது நல்ல செய்திதான். ஆனாலும் நூறு பேர் அளவில் நடந்த மூன்று மாத ஆய்வைக் கொண்டு பெரிய முடிவு கட்ட முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் இந்தச் சாற்றை ஆராய்ந்தபோது, அது உயிரணுக்களின் மரபுப் பொருளைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயத்தால், பாதுகாப்பானது என்று உறுதிகூற முடியாது என அறிவித்தது. ஆகவே தோங்காட் அலியில் ஏதோ பயன் இருக்கலாம், ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பது நல்லதென்று சொல்ல ஆதாரமில்லை என்பதே இன்றுவரை உள்ள நிலை.

இதுவரை சொன்னது உண்மையான வேரைப் பற்றி. பொட்டலத்தில் உண்மையான வேர்தான் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மூலிகைக் காப்பி, மூலிகைக் குளிகை என்ற பெயரில் விற்றவற்றில் வயாகரா வகை இரசாயனம் இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். "குடித்த அரை மணியில் குணம்" என்றால் வேரை அல்ல, கலப்படத்தையே சந்தேகிக்க வேண்டும்.

இதன் கொடுமையைச் சிங்கப்பூர் 2008-ல் கண்ணால் கண்டது. அவ்வாண்டு ஜனவரி 1 முதல் மே 26 வரை, நீரிழிவு நோயே இல்லாத 150 பேர், இரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிய நிலையில் ஐந்து அரசாங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆண்கள். ஏழு பேர் மயக்கம் தெளியாமலே கிடந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்தார்கள். காரணத்தைத் தேடியபோது, கள்ளத்தனமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகள் அகப்பட்டன. ஒன்று பெயர்பெற்ற மாத்திரையின் போலி. மூன்று, மூலிகை என்று பெயரிட்டவை. அவற்றில் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து 13 முதல் 100 மில்லிகிராம் வரை இருந்தது. நீரிழிவு உள்ளவருக்கே மருத்துவர் முதலில் 2.5 அல்லது 5 மில்லிகிராம்தான் கொடுப்பார். எவ்வளவு கூட்டினாலும் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்.

அந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. படுக்கையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் என்ன சாப்பிட்டோம் என்பதை வாய் திறந்து சொல்லவில்லை. உயிர் ஊசலாடும்போதும் வெட்கம் அவர்கள் வாயைக் கட்டியது. இந்த வியாபாரம் முழுவதும் அந்த வெட்கத்தின்மேல்தான் நிற்கிறது. வாங்குகிறவர் நாலு பேரிடம் கேட்கமாட்டார். ஏமாந்தால் புகார் செய்யமாட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார். அரிசிக்காரரும் துணிக்காரரும் இப்படிப்பட்ட வாடிக்கையாளரைக் கனவிலும் காணமுடியாது. வெட்கமே அந்த வியாபாரியின் முதல்.

சட்டம் இதை நெடுநாளைக்கு முன்பே அறிந்திருந்தது. சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டாகிய 1956-லேயே மலாயாவில் மருந்து விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் இன்றும் இல்லற உறவுக்கான ஆற்றலைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 1984-ல் வந்த விதிகளின்படி மருந்துகளைப் பதிவு செய்யும் முறை ஏற்பட்டது. 1992 முதல் பாரம்பரிய மருந்துகளும் பதிவுக்குள் வந்தன. பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகளும், அவற்றையடுத்து எட்டு இலக்கங்களும், பாரம்பரிய மருந்தானால் கடைசியில் டி என்ற எழுத்தும் இருக்கும். அந்த எண் சரியானதா என்று சுகாதார அமைச்சின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். எண் இல்லாத மருந்தை, விற்கிறவர் யாராயிருந்தாலும், தொடவே வேண்டாம்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் நமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

அன்று தோட்டத்தில் பலவீனம் என்று சொன்னதற்குப் பின்னால் மலேரியாவும் கொக்கிப் புழுவும் ஒளிந்திருந்தன. இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிவந்துவிட்டோம். நோயும் வேறு உருவெடுத்து உடன் வந்திருக்கிறது. 2019-ல் மலேசியாவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது இருந்தது. நீரிழிவு நுண்ணிய நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். இரத்தக் கொதிப்பும் புகைபிடிப்பதும் அவ்வாறே செய்யும். மெல்லிய குழாய்கள் முதலில் கெடுவதால், இல்லற வாழ்வில் தளர்ச்சி தோன்றிச் சில ஆண்டுகளுக்குப் பின் மாரடைப்பு வருவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, இந்தத் தளர்ச்சி சிலருக்கு இதய நோயின் முன்னறிவிப்பு. அந்த அறிவிப்பை லேகியத்தால் மூடிவைப்பது, வீட்டில் புகை வரும்போது சன்னலைச் சாத்திக்கொள்வது போன்றது.

பெண்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து, வெளி வேலையும் வீட்டு வேலையும் பார்த்து, பிள்ளைக்குப் பாலும் கொடுக்கும் ஒரு தாய்க்கு நாட்டம் குறைந்தால் அது குற்றமும் இல்லை, நோயும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஓய்வு. சோகை உண்டா என்று ஓர் இரத்தப் பரிசோதனை, கீரையும் மீனும் பருப்பும் உள்ள சாப்பாடு, வீட்டு வேலையில் கணவனின் ஒரு கை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் மாற்றங்களுக்கும் கிளினிக்கில் வழி சொல்வார்கள். மனைவிக்குத் தெரியாமல் அவள் குடிக்கும் பானத்தில் பொடி கலந்து கொடுப்பது பெரும் பாவம்.

இரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகளாலும் நாட்டம் குறைவதுண்டு. அதற்காக மருந்தை நாமே நிறுத்திவிடக்கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். லேகியமோ வேரோ சாப்பிட்டு வந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மூலிகைகளில் நம்பிக்கை உள்ளவர்கள், டப்பா விற்பவரை விட்டு, முறையாகப் படித்த சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் செல்லட்டும். அவரும் பழைய வைத்தியரைப் போலவே முதலில் கேள்விதான் கேட்பார், பிறகுதான் மருந்தைத் தொடுவார்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, சோகை உண்டா என்று அங்கே பார்த்துவிடலாம். "டாக்டர், எனக்கும் என் மனைவிக்கும் இடையே இப்படி ஒரு குறை" என்று சொல்ல ஒரு நிமிடத் துணிச்சல் போதும். நம் பாட்டன்மார் வாய்க்கால் வெட்டவும் கக்கூஸ் கட்டவும் மண்ணில் இறங்கினார்கள். அது அவர்கள் காலத்து நோய்க்கு ஏற்ற உழைப்பு. நம் காலத்து நோய்க்கு வாயைத் திறந்து பேசுவதே முதல் உழைப்பு. கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும், இருவரும் மருத்துவரிடமும் பேசிவிட்டால், பசார் மாலாம் ஒலிபெருக்கி எவ்வளவு முழங்கினாலும் நம் காசு நம் மடியிலேயே இருக்கும்.

இவ்வளவில் இன்றைய பேச்சை முடித்துக்கொள்கிறோம்.